டி பிரிவு

மாதேஷ் கொண்டுவந்தது
இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலம் அளவு.
"இதுவா?" என்றேன்.
"இதுதான்" என்றான், ஒற்றைக் கையில் நீட்டி.
என்னுடையதை நகர்த்த
செவ்வாய்ப்பேட்டை லோடுமேன் இருவர் வேண்டும்.
முப்பத்தெட்டு கிலோ, ஏ வகுப்பு,
பாட்டு ஓடாதபோதும் எரிகிற அடுப்பு.
அக்னி நட்சத்திரத்தில் அதன் எதிரே உட்கார்ந்து,
மின்விசிறியை நிறுத்திவிட்டு
(விசிறிக்கும் ஒரு சுருதி உண்டு)
வேட்டி நனைய நனைய வீணை கேட்டவன் நான்.
சுகம் என்றால் வியர்க்கத்தான் செய்யும்
என்று சம்பூர்ணத்திடம் சொல்லி
வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

பகலில் எனக்கு வெள்ளியோடு வேலை.
கட்டி வந்தால், உரசிப் பார்க்குமுன்
கல்மேசையில் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்.
ஈயம் இருந்தால் சத்தம் சீக்கிரம் செத்துப்போகும்.
இந்தக் காதை நம்பி மூன்று தெருக்காரர்கள்
கொலுசுக்கு உருக்குகிறார்கள்.
இதனிடம் வந்து மாதேஷ் சொல்கிறான்:
ஒலியை வினாடிக்கு நாலு லட்சம் தடவை
ஆன் ஆஃப் ஆன் ஆஃப் என்று நறுக்கி
மறுபடி ஒட்டிவிடுமாம்.

கொத்து பரோட்டாவை
மறுபடி பரோட்டா ஆக்குகிற மாஸ்டரை
அஞ்சு ரோட்டில் எங்காவது பார்த்திருக்கிறாயா, என்றேன்.

முதல் நாள்.
கம்பிகளை மாற்றினோம். ஒரு நீலப் புள்ளி.
தம்பூரா வந்தது. சுத்தமாக வந்தது,
டெட்டால் போட்டுத் துடைத்த ஆஸ்பத்திரித் தரை மாதிரி.
நோட்டில் எழுதினேன்:
"மேல்ஸ்தாயியில் எவர்சில்வர் பளபளப்பு. வெள்ளி இல்லை."
எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது அந்த வரி.
பூனை மேலே ஏறிப் பார்த்தது.
வயிற்றுக்குச் சூடு கிடைக்கவில்லை.
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது.
அதையும் எழுதினேன். சாட்சி வேண்டுமே.

மூன்றாம் நாள் சம்பூர்ணம்
இரண்டின் மேலும் துண்டைப் போட்டு,
சூட்டை வைத்துக் கண்டுபிடிக்காதபடி
என்னை வாசல்பக்கம் தள்ளி உட்காரவைத்து
ஸ்விட்சை மாற்றி மாற்றிக் கேட்டாள்.
பத்துக்குப் பத்து சொல்வேன் என்றிருந்தேன்.
ஆறு.
"பூவா தலையாவுக்கே அஞ்சு வரும்" என்று
குண்டு மாங்காய் நறுக்கப் போய்விட்டாள்.

இன்னொன்று. மாதேஷிடம் சொல்லாதது.
எட்டாம் வகுப்பில் ஏ, பி, சி எல்லாம் மாடியில்.
டி பிரிவு கீழே, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி.
பெல் அடித்தால் எங்களுக்குக் கேட்காது.

வெள்ளிக்கிழமை ராத்திரி
ஏற்காட்டிலிருந்து மழை இறங்கி வந்து
வந்த வேகத்தில் நின்றும் போனது.
கரண்ட் போயிற்று.
சூரமங்கலம் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டது:
ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு ஏசி,
எதிரே மாவு மெஷின்,
இருபது வருஷமாக எனக்குத் தெரியாமலே
என்னோடு பாடிக்கொண்டிருந்த டிரான்ஸ்ஃபார்மர்.

பழையதை இன்வெர்ட்டரில் போட்டால்
ஒரு மூச்சு அலறிவிட்டு இரண்டும் அணையும்.
இது நிற்கவில்லை.
ஏதோ ஒரு கோயில் மண்டபத்தில்
யாரோ பதிந்து வைத்த நாதஸ்வரம்.
ராகம் முடிந்து தவில் எழுமுன் ஒருவர் இருமுவார்.
பதினாறு வருஷமாக எனக்குத் தெரிந்த இருமல்.
அன்று, இருமிவிட்டு
"மன்னிக்கணும்" என்றார்.
மெதுவாக. பக்கத்திலிருந்தவரிடம்.

அதற்குப் பிறகு தவில் காதில் விழவில்லை.

பெட்டியா, இருட்டா?
பழையதிலும் அந்தச் சொல் இருந்திருக்கலாம்.
கேட்டுப் பார்க்க வேண்டுமானால் ஊர் அணைய வேண்டும்.
ஊர் அணைந்தால் அது பாடாது.
இந்தக் கணக்கை நோட்டில் எழுதினேன், அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.
அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

காலையில் மாதேஷ் போன் செய்தான்.
எடுத்துக்கொண்டு போகவா, அண்ணே?
"சூடே இல்லையடா அதில்" என்றேன்.
மறுமுனையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.
அது தீரும்வரை இருந்துவிட்டு,
"ரெண்டு நாள் கழித்து வா" என்றேன்.