பாக்கி தொண்ணூறு

மூடிப்போன ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியின் வேன்.
எழுத்தைச் சுரண்டிவிட்டுத்தான் நீலம் அடித்தோம்.
ஆனாலும் மழையில் நனைந்தால்
'எல்.கே.ஜி. சேர்க்கை நடைபெறுகிறது' என்று
விலாவில் மெல்ல எழுந்து வரும்.

புதுவயலுக்குக் கடைசி டவுன் பஸ்
காரைக்குடியை விட்டு எட்டேகாலுக்குப் போய்விடும்.
ஆய்வகம் பூட்ட ஒன்பதரை.
நடுவில் கிடக்கும் அந்த ஒன்றேகால் மணியில்
எத்தனை பெண்கள் படிப்பை நிறுத்தினார்கள் என்று
அலுவலகத்தில் கேட்டோம்.
அதற்குப் படிவம் இல்லையாம்.

ஓட்டுவது அடைக்கலம், தாவரவியல் இரண்டாமாண்டு.
தேவகோட்டையில் நெல் லாரி ஓட்டி
ஹெவி லைசென்ஸ் வாங்கியவன்.
விசிலும் பையும் என்னிடம்.
டிக்கெட் பத்து ரூபாய், எங்கே இறங்கினாலும்.

ஒரே ஒரு ஆள் இருந்தால் எடுப்பதா?
கூட்டத்தில் இதற்குத்தான் இரண்டு மணி நேரம்.
பொருளாதாரம் நாச்சியப்பன் சாக்பீஸ் எடுத்தான்.
டீசல், ஆயில், தேய்மானம்.
ஏழு பேருக்குக் குறைந்தால் நட்டம் என்று
ஏழைச் சுற்றி வட்டம் போட்டான்.
கணக்கில் பிழையில்லை.
எங்கள் கோபமே அதுதான்.
கை தூக்கினோம். இருபத்து மூன்றுக்குப் பத்தொன்பது.
ஒருவர் என்றாலும் வண்டி போகும்.
வட்டத்தை அழிக்க மறந்துவிட்டோம்;
மறுநாள் பாடம் எடுத்தவர்
அதை விட்டு விலகி விலகி எழுதினார்.

ஐப்பசி அடைமழை. தீபாவளிக்கு மூன்று நாள்.
ஒன்பது நாற்பதுக்கு
நூலக வாசலில் இருந்து ஓடிவந்தான்,
பையைச் சட்டைக்குள் அணைத்தபடி,
நாச்சியப்பன்.
பின்னால் யாருமில்லை.
அடைக்கலம் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தான்.
நான் விசிலை ஊதினேன்,
கொஞ்சம் கூடுதலாகவே.

காலி சீட்டுகளை எல்லாம் தாண்டி
கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான்.
கோட்டையூர் கேட்டில் சரக்கு ரயில்.
உதடு அசைந்தது; பெட்டிகளை எண்ணுகிறான்.
பள்ளத்தூரில், தெருவின் இந்த முனை தொடங்கி
அந்த முனைவரை ஒரே வீடு.
உள்ளே எங்கோ ஒரு பல்பு.
அதற்கும் யாரோ கரண்டு பில் கட்டுகிறார்கள்.

நூறு ரூபாய்த் தாளை நீட்டி
"ஏழு" என்றான், சன்னலைப் பார்த்துக்கொண்டு.
"ஆள் ஒண்ணுதானே. கணக்கு இடிக்கும்."
"எனக்கும் இடிக்குது."
ஒன்றுதான் கிழித்தேன்.
பையில் சில்லறை இல்லை.
வேறு யாராவது ஏறியிருந்தால் இருந்திருக்கும்.
டிக்கெட்டின் முதுகில் 'பாக்கி 90' என்று எழுதி
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவன் இறங்கிய இடத்தில் முழங்கால் தண்ணீர்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.
திரும்பும்போது வண்டியில்
நானும் அடைக்கலமும் நனைந்த ஒரு சீட்டும்.

அதன்பிறகு தினமும் வருகிறான்.
சரியாகப் பத்து ரூபாய், காசாக.
பாக்கியை இன்றுவரை கேட்கவில்லை.
கொடுத்தால், டிக்கெட் தொலைந்துவிட்டது என்கிறான்.
அவன் பர்ஸில் அது மடிந்திருப்பதை
நான் பார்த்திருக்கிறேன்.

தை மாதம் அவனையே பொருளாளர் ஆக்கினோம்.
முதல் கூட்டத்தில் நோட்டைப் பிரித்து வாசித்தான்:
"கொடுக்க வேண்டியது. நாச்சியப்பன், தொண்ணூறு."
சிரிப்பு அடங்கும்வரை
விரலை அங்கேயே வைத்திருந்தான்.
பிறகு அடுத்த வரி.
பின் டயர், இடது பக்கம்.