இரவல்

பெயரிலேயே இரண்டு பொய்.
கினியிலிருந்து வந்ததும் இல்லை, பன்றியும் இல்லை.
ஒன்றை மட்டும் தனியே வளர்த்தால்
சுவிட்சர்லாந்தில் சட்டப்படி குற்றம்,
அது ஒன்றுதான் மெய்.

செராய்னா சூரிச்சுக்குப் படிக்கப் போனபோது
இரண்டை என்னிடம் விட்டுப் போனாள்.
அக்டோபரில் ஒன்று
உலர்புல்லில் மூக்கைப் புதைத்தபடியே முடிந்துபோனது.
மிச்சம் போஸ்டா:
நான் ஓட்டும் அஞ்சல் பேருந்தின் அதே மஞ்சள்,
முதுகில் வெள்ளைத் திட்டு,
ஆறு வயது, ஒரு கண்ணில் புரை.
ஃபிரிட்ஜ் கதவு திறந்தால் விசிலடிப்பவள்.
மூன்று நாள் திறந்து திறந்து பார்த்தேன்.
குளிர்தான் வந்தது.

புதிதாக ஒன்று வாங்கலாம்.
கணக்குப் போட்டேன்:
இவள் போனால் அது தனி.
அதற்கு ஒன்று, பிறகு அந்த ஒன்றுக்கு ஒன்று,
நான் ஓய்வுபெற்று, என் மூட்டுகளும் ஓய்வுபெற்ற பிறகும்
புல் வாங்கிக்கொண்டே இருப்பேன்.

ஃப்டான் மேட்டில் மெங்கியா இரவல் தருகிறாள் என்றார்கள்.
போனேன்.
சாம்பல் நிறத்தில் சுருட்டை முடிக்காரன் ஒருவனைக் காட்டினேன்.
"உனக்கா, அவளுக்கா?"
என்னைத் தரையில் உட்காரச் சொன்னாள்.
யாருடைய வீடும் இல்லாத ஒரு மூலையில்
போஸ்டாவை இறக்கினாள்.
நான்கு பேர் வந்தார்கள்.
சுருட்டை முடி வந்ததும் பல்லை நறநறத்தது.
காது கிழிந்த ஒருவன், காயடித்தவன்,
ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து
யாரையும் பாராமல் சீமைக்காட்டுமுள்ளங்கி இலையை
மென்றுகொண்டிருந்தான்.
போஸ்டா சுற்றி வந்தாள். சுற்றி வந்தாள்.
அவன் வாயிலிருந்த இலையின் மறுநுனியை
இழுத்துக்கொண்டாள்.
"ஆயிற்று," என்றாள் மெங்கியா.

ஐம்பது பிராங்க். திருப்பித் தந்தால் பாதி வாபஸ்.
உலர்புல் எந்நேரமும்; ரொட்டி வேண்டாம்.
சிவப்புக் குடைமிளகாய் தினம் ஒரு துண்டு:
நம்மைப் போலவே அவற்றுக்கும்
வைட்டமின் சி உடம்பில் ஊறாது.
திங்கள்தோறும் எடை. சட்டென்று குறைந்தால்
காத்திருக்காதே, கூப்பிடு.
நம்மிடம் நோயைக் கடைசிவரை சொல்லமாட்டார்கள்,
சொன்னால் பருந்துக்குக் கேட்டுவிடும் என்ற நினைப்பு,
பருந்தே இல்லாத சமையலறையிலும்.

சாலட் கிண்ணத்தில் வைத்து எடை பார்த்தேன்.
போஸ்டா தொள்ளாயிரத்துப் பத்து.
கான்சல் ஆயிரத்துச் சொச்சம்.

மார்ச்சில் செத்தவன் கான்சல்.

இரவல் சேலையைக் கிழித்தவள் போல
ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
மெங்கியா திட்டவில்லை.
"கடைசி எடை?" என்று கேட்டு, எழுதிக்கொண்டாள்.
அடுத்து தூமாஷ் வந்தான்; ஒன்றரை வருடம் இருந்தான்.
அவனையும் வழியனுப்பிவிட்டு
விசிலடித்தாள் போஸ்டா, வெள்ளரிக்காய்க்கு.
"இன்னுமா இருக்கிறாள்?" என்றாள் செராய்னா,
எட்டாம் முறையாக.

மூன்றாவதைக் கேட்கப் போன அன்று
மெங்கியா பேரேட்டை மூடிவைத்தாள்.
அவள் கொட்டிலில் ஒரு கிழவன்,
யாரோடும் ஒட்டாதவன், எல்லாரையும் கடித்தவன்,
தனியே.
"உன்னவளை எனக்கு இரவல் தருவாயா?"

சோதித்துப் பார்த்தோம், அதே மூலையில்.
கிழவன் நறநறத்தான்.
போஸ்டாவுக்குக் காதும் மந்தமோ என்னவோ,
நேரே போய் அவன் விலாவில் சாய்ந்து
கண்ணை மூடிக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டேன், இம்முறை கொடுப்பவர் கட்டத்தில்.
ஐம்பது பிராங்கை எண்ணி வைத்தாள்,
வேண்டாம் என்றேன், சட்டைப் பையில் திணித்தாள்.

காலிப் பெட்டியை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்து
கடைசி வண்டியைக் கீழே இறக்கினேன்.
குருட்டு வளைவுகளில் மூன்று சுர ஹார்ன்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக.
குடைமிளகாய் பாதி மீதமிருந்தது.
நானே தின்றேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஃபோன்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை அவள்.
"எண்ணூற்று எழுபது," என்றாள்.
எழுதிக்கொண்டேன்.