அரை டிக்கெட்

முப்பது நாளில் எடுத்துக்கொள்ளவும் என்று
பெகு வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.
இடுகாட்டு நிலத்தில்
பஸ் நிலையம் வருகிறதாம்.

பெரியண்ணன் வைரக்கண்ணு
திருநீற்றைக் குழைத்தபடியே சொன்னார்:
"செம்பாயி இந்நேரம் எங்கேயோ பிறந்து
பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.
சட்டையைக் கழற்றிவிட்டு அவள் போய்விட்டாள்.
கழற்றிய சட்டைக்கு எதற்கு வண்டிச்சத்தம்?"
அவர் சொன்னதில் பிழையில்லை.
அவர் படிக்கிற எல்லாப் பாட்டிலும்
அப்படித்தான் இருக்கிறது.

சின்னண்ணனுக்குப் பாட்டு கிடையாது.
சாமி கிடையாது, ஆவி கிடையாது.
அம்மா திதிக்கு வடை தின்ன மட்டும் வருவார்.
செத்தால் மண், அவ்வளவுதான் என்பார்.
அந்த மண்ணைத் தோண்டத்தான்
விடியுமுன் கிளம்பினார்
ஒரு பிஸ்கட் டின்னோடு.
நானும் போனேன்.

நுழையும்போது செருப்பைக் கழற்றினார்.
ஏன் என்று கேட்கவில்லை நான்.

கோ சோ நைங் மூன்றடி தோண்டினான்.
நாற்பத்தேழு வருஷத்து மழை
பெரிதாக எதையும் மிச்சம் வைக்கவில்லை.
பச்சை வளையல் துண்டு ஒன்று.
கொலுசின் திருகு.
விழ நாளில்லாமல் நின்றுபோன
பால்பற்கள் நாலு.
சின்னண்ணன் அவற்றைக் கைலி முனையால் துடைத்தார்,
காலையில் அவளுக்குப்
பல் விளக்கிவிடுகிறவர் மாதிரி.

மூடியை அழுத்துமுன் கோ சோ நைங்
டின்னுக்குள் குனிந்து, "லா, தமீ" என்றான்.
வா மகளே, வீடு மாறுகிறோம்.
சொல்லாமல் போனால் பிள்ளை
இங்கேயே தேடிக்கொண்டு நிற்குமாம்.
"நீங்கள் என்ன மதம்?"
"ஒன்றுமில்லை" என்றார் சின்னண்ணன்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இன்னொரு தடவை சொல்லு, சத்தமாக.
அவளுக்கு வலது காது கேட்காது."

லைன்காரில்
இரண்டு முழு டிக்கெட், ஒரு அரை.
கண்டக்டர் தலைகளை எண்ணிப் பார்த்து
"குழந்தை எங்கே?" என்றான்.
சின்னண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"டின் இடம் அடைக்குதில்ல."
மடியில்தான் வைத்திருந்தார்.

புது இடத்தில் குழி நாளைக்குத்தான் கிடைக்கும்.
ராத்திரி தையல் மெஷின் மேல் இருந்தது டின்.
கரண்ட் போனதும்
டார்ச்சோடு வந்தார் பெரியண்ணன்.
சட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை.
டின்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து
தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்:

இதில் தலைமாடு எந்தப் பக்கம்?
வடக்கே இருந்துவிடப் போகிறது.