திருடன் இருக்கை

என் விசாவில் இருக்கும் தொழில்: துப்புரவு.
நான் பார்ப்பது: திருடன் வேலை.
விடிகாலை ஐந்து முதல் எட்டு வரை.
வெயில் ஏறிவிட்டால் நாய்க்கு ஓய்வு,
எனக்குக் கண்ணாடித் தூள் பெருக்கும் வேலை பாக்கி.

புஜைராவில்
மலையை உடைத்து ஏற்றும் லாரிகள் திரும்பும் வளைவுக்கு அப்பால்,
கம்பி வேலிக்குள் ஆறு கார்கள்.
ஒன்றுக்கும் இன்ஜின் கிடையாது.
இன்று வெள்ளை சன்னி.
இடது கையில் தடித்த சணல் உறை,
அதன்மேல் ஒரு பழைய சட்டை.
யாருடையது என்று நான் கேட்டதில்லை.

ஹுமைத் பாடம் நடத்துவான்.
புதிதாக வந்த பையன்களோடு நானும் கேட்பேன்,
ஸ்டீயரிங்குக்குப் பின்னாலிருந்து.

முன்பக்கமாக நாயை விடாதே,
அவன் காலடியில் ஆக்சிலேட்டர் இருக்கிறது.
முன்னும் பின்னும் நம் வண்டியை ஒட்டி நிறுத்து.
கூப்பிடு. மூன்று முறை கூப்பிடு.
பதில் இல்லையா, பின் கண்ணாடியை உடை,
விளிம்பில் ரப்பர் பாய் போடு.
கண்ணாடிக்குத் தெரியாது பாதம் யாருடையது என்று.
அப்புறம்தான் நாய்.
சீட் பெல்ட்டை மறக்காதே:
நாய் இழுக்கும், பெல்ட் விடாது,
நடுவில் இருப்பது ஒரு ஆள்.

‘ஒரு ஆள்’ என்னும்போது
அவன் கை என் பக்கம் நீளும்.
பையன்கள் பார்ப்பார்கள்.
நான் பெல்ட்டை மாட்டிக்கொள்வேன்.

பர்க் என்றால் மின்னலாம்.
முப்பது கிலோ மின்னல்.
அதற்குக் கட்டளை டச்சு மொழியில்;
ஹுமைத்துக்கு அந்த மொழியில் ஒன்பது சொல் தெரியும்.
பின் ஜன்னலில் பாய்ந்து, இருக்கை இடுக்கில் நெளிந்து
கடிக்குமுன் ஒரு கணம்
அதன் மூச்சு என் காதில் படும்,
வேகவைத்த கோழி வாசனையோடு.
அப்போது நான் கத்த வேண்டும்.
கத்துவது சம்பளத்தில் சேர்த்தி.
எந்த மொழியில் என்று யாரும் சொல்லவில்லை.
விடு, விடுடா, அய்யோ, அம்மா
என்று நாலு வருடம்
வாரம் ஐந்து நாள் கத்தினேன்.

ஒரு ஆகஸ்ட் இரவு அறைக்கு வந்து எழுப்பினார்கள்.
கல்பா சாலையோரம் ஒரு பிக்கப்,
சுற்றிலும் நீல விளக்கு.
எட்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவன் உள்ளே.
அரபியில் கூப்பிட்டாயிற்று, இந்தியில், ஆங்கிலத்தில்.
கம்பெனிக்காரன் போனில் சொன்னானாம்:
பெயர் செங்கோல்ராஜ், தமிழ்.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.
ஹுமைத்தின் முழங்காலை ஒட்டி பர்க், காது இரண்டும் நேராக.
‘தம்பி, கண்ணாடியை இறக்கு.
கை ரெண்டையும் வெளியே நீட்டு.’
இவ்வளவுதான் சொல்லச் சொன்னது.
‘பயப்படாதே’ நானாகச் சேர்த்தது.

சொல் மலையில் பட்டுத் திரும்புவதற்குள்
பர்க் திரும்பிவிட்டது.
பிக்கப் பக்கம் இல்லை. என் பக்கம்.
வார் விறைத்தது.
அது அறிந்த திருட்டு மொழி ஒன்றே ஒன்று,
சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஒன்பதில் ஒரு சொல் சொன்னான் ஹுமைத்.
உட்கார்ந்தது.
கண் மட்டும் என் இடது கையில்.
அன்று உறை இல்லை.

கண்ணாடி இறங்கியது.
ஒரு கை. வெகுநேரம் கழித்து இன்னொன்று.
விலங்கு மாட்டிக் கூட்டிப்போகையில்
என்னைத் தாண்டும்போது கேட்டான்:
‘அண்ணே, அந்த நாய் கடிக்குமா?’
‘பேசாதே’ என்றேன்.
‘பேசாம நட.’

மறுநாள் மெஸ்ஸில் மொஃபிஸுலிடம் கேட்டேன்,
வலித்தால் உங்கள் ஊரில் எப்படிக் கத்துவீர்கள்?
சோற்றுத் தட்டோடு எழுந்து நின்று
நடித்தே காட்டினான், ‘ஓ மா, ஓ மா கோ!’
மேஜை முழுக்கச் சிரிப்பு.
எதற்குக் கேட்கிறாய் என்றான்.
சும்மா என்றேன்.

வெள்ளை சன்னி. பெல்ட். உறை. கோழி வாசனை.
கடி விழுந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
வெளியிலிருந்து ஹுமைத்:
‘கத்து.’