முதல் எழுத்து

இரவு பத்தே முக்காலுக்குச் சாலிகிராமத்திலிருந்து போன்.
உதவி இயக்குநர் இன்பராஜ்.
"சார், உங்க நாவல்ல வர்ற பூமா,
பூமிக்கு வர்ற பூவா, பூவுக்கு வர்ற பூவா?"

சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.
கதாநாயகி மும்பையிலிருந்து இறங்குகிறாள்,
வசனம் மொத்தமும் ஆங்கில எழுத்தில் அடித்தாக வேண்டும்,
அங்கே இதற்கு இரண்டு எழுத்து.
"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார், பிரிண்ட் எடுக்கணும்."

காலையில் சொல்கிறேன் என்று வைத்தேன்.

வியாசர்பாடி ரேஷன் கடையில்
பருப்பு நிறுக்கிறவள் அவள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
அவள் செருப்பு எந்த ஓரம் தேயும், தெரியும்.
தட்டில் யாருக்கு விரல் வைப்பாள்,
யாருக்கு ஒரு பிடி கூடப் போடுவாள், தெரியும்.
ஆறு வருஷத்தில் ஒரு தடவை
வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை.
பேனாவுக்குத் தொண்டை கிடையாது.

அயனாவரத்து வீட்டு அடுப்படியில்
விளக்குப் போடாமல் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன்.
உதடு பிரிந்ததும் காற்றாகிவிடுகிற பூமா.
அடித்தொண்டை லேசாக அதிர வருகிற பூமா.
இரண்டையும் இங்கே ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது,
நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.
ஒன்றுக்கு ஃப்ரிட்ஜ் உறுமியது.
மற்றதற்குச் சுகந்தா எழுந்து வந்தாள்.

மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவள்.
"இதுல என்ன சந்தேகம்? பூதான்.
அவ அம்மா யானைகவுனி பாலத்துக்கிட்ட
சாமந்தி வித்தான்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."
எழுதியிருந்தேன். பதினெட்டாம் பக்கம்.
எனக்குத்தான் நினைவில்லை.

பூவென்று சொன்னேன். அப்படியே அச்சடித்தார்கள்.

வடபழனியில் முதல் பகுதியைப் போட்டுக் காட்டினார்கள்.
அந்தப் பெண் நன்றாகத்தான் நடித்திருந்தாள்,
பெயர் சொல்லும்போது மட்டும்
பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதுவதுபோல
உள்ளே ஒரு 'ஹ' வைத்திருந்தாள்.
குரல் கொடுத்த ஷீபா, பாவம்,
உதட்டசைவைப் பார்த்து அவளும் ஊதியிருந்தாள்.
மாப்பிள்ளையாக வந்தவர் முதல் எழுத்தைக் குறுக்கிவிட்டார்.
இன்பராஜ் என்னைப் பார்க்காமல்
டீ கொண்டுவரச் சொன்னான்.

பிறகு அந்தக் கடைக் காட்சி.
வரிசையில் நிற்க அந்தத் தெருவிலிருந்தே
கூட்டி வந்த பெண்கள், ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்.
அவர்களுக்கு யாரும் தாள் கொடுத்திருக்கவில்லை.
"பூம்மா, கோதுமை வந்துச்சா?"
"ஏ பூம்மா, எவ்ளோ நேரம் நிக்கிறது?"
நான் வைக்காத ஒரு ம்.
திரையில் இருந்தவள் கணக்கு நோட்டைப் பார்த்தபடியே இருந்தாள்.
எனக்குள் இருந்தவள்
"வரேன் இரு" என்று சலித்துக்கொண்டாள்.

அடுத்த பதிப்பில் அந்த ம்மைச் சேர்க்கலாமா
என்று ராத்திரி சுகந்தாவைக் கேட்டேன்.
"எனக்கு அவ பூமாதான்" என்றாள்,
தலையணையில் முகம் பாதி புதைந்திருக்க.
சாமந்தியெல்லாம் எங்கே போனதோ.
எந்தப் பூ என்று தெளிவாகக் காதில் விழுந்தது.
எழுதத்தான் வழியில்லை.