இடது மோதிர விரல்

வண்ணார்பேட்டை சிக்கன் கடையில்
பத்து மணிக்கு விரல் வைப்பேன்.
உடனே பச்சை விளக்கு.
பத்து ரெண்டுக்கு வைத்தாலும் என்னைத் தெரியும் அதற்கு,
அரைநாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு தெரியும்.

தச்சநல்லூர் ரேஷன் கடையில்
அதே விரலைச் சேலையில் தேய்த்துத் தேய்த்து
மூன்று தடவை வைத்தாயிற்று.
பொருந்தவில்லை.
"எண்ணெயில வெந்த வெரலு, ரேகை எங்கன இருக்கும்?
வேற வெரல வைளா முப்பிடாதி" என்கிறார் சேர்மக்கனி.

பின்னால் யாரோ:
"சும்மா அரிசியப் போட்டுச் சனத்தச் சோம்பேறி ஆக்கிட்டாவ."
திரும்பிப் பார்த்தேன்.
அவர் கக்கத்திலும் மடித்த சாக்கு.

நேற்று மட்டும் நானூறு துண்டு பொரித்தேன்.
ஒரு வாளி கறியின் விலை
என் ரெண்டு நாள், கொஞ்சம் மேலேயே.

சம்பளம் கூட்டிக் கேட்டதற்கு
ஜெபசிங் சார் கோபப்படவில்லை.
"ஒங்களுக்குத்தான் இருவது கிலோ சும்மா வருதுல்லா."
வருது சார்.
அதைத் தின்றுவிட்டுத்தான்
உங்க கொதியெண்ணெய் முன்னால வந்து நிக்கேன்.
சர்க்கார் சோறு போடுறது எனக்கா,
உங்க கடை வேலையாளுக்கா?
இதையெல்லாம் கேட்கவில்லை.
"சரி சார்" என்றுதான் சொன்னேன்,
அடுத்த தட்டை எண்ணெயில் இறக்கிக்கொண்டே.

கடைசியில்
இடது மோதிர விரலை எடுத்துக்கொண்டது மிஷின்.
அதில் இன்னும் எண்ணெய் தெறிக்கவில்லை.

அரிசி இருபது.
பருப்பு இந்த மாசம் வரலையாம்.
பாமாயில் ஒரு பாக்கெட்.
மணி ஒன்பது நாற்பது.