ஒன்பது நிமிஷம் நாற்பது நொடி

மூலைக்கரைப்பட்டி தாண்டியதும்
பிரம்மநாயகம் கியரைக் குறைத்தார்.
எதிரே கொண்டல் காற்று.
என் நேரத்தை இன்று உடைத்தே தீர்வதென்று
பாளையங்கோட்டையிலிருந்தே பேச்சு.

போன ஆடியில்
குளம் பாளம் பாளமாய்க் கிடந்தபோது
வண்டல் அள்ளிய லாரிகள்
தார்போல் அழுத்தி வைத்த தடம் அது.
மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது.

போனில் நீலக்கோடு நேரே போகச் சொல்கிறது.
நேரே
தண்ணீர்.
என் சாதனையின் மேல் நாமக்கோழிகள்
அவசரமில்லாமல் கடக்கின்றன.
மூச்சு வாங்கி நான் எச்சில் துப்பிய இடத்தில்
கழுத்தளவு நிற்கும் உடைமரம்,
அதில் ஏழெட்டுக் கூடுகள்.

"என்ன நியாயம் ஜெபக்கனி இது?"
ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

மடையடியில் மண்வெட்டி கழுவியவள்
எங்கள் கால்சட்டையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.
"கரையோட போங்க. மறுகால் விழுது,
வண்டியத் தூக்கித்தான் கடக்கணும்."
எவ்வளவு நேரமாகும்?
"எனக்கா, உங்களுக்கா?"

கரையெல்லாம் சரளை.
ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் பொதியில் நெல்.
ஷூவைக் கழுத்தில் மாட்டி
சைக்கிளைத் தோளேற்றி
மறுகாலில் இறங்கினோம்.
ஒரு கெண்டை அவர் பெருவிரலை முட்டிப் பார்த்துப்
போய்விட்டது.

முப்பத்தெட்டு நிமிஷம் என்றது போன்.
அடுத்த வறட்சி வரை
முதலிடம் எனக்குத்தான்.
வராமலே இருக்கட்டும் என்றேன்.

அவர் நம்பவில்லை.
டயரில் குத்தியிருந்த உடைமுள்ளைப்
பிடுங்கிக்கொண்டிருந்தார்.